தூய வாழ்வு



மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் நான். ஒரு சொல்லின் பொருள் தெளிவாகாமல் அடுத்த வரிக்குச் செல்ல என் மனம் ஒப்புவதில்லை. ஆகவே, கிறிஸ்தவ நம்பிக்கையாளரின் வாழ்வில் தூய்மை என்பது யாது என்னும் வினாவையும் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதற்குப் பல சொற்களை வழங்கி வந்துள்ளனர். புரொட்டஸ்டண்டு மக்களின் வேதாகமத்தில் பெரிதும் பயின்று வருவது ‘பரிசுத்தம்’ என்னும் சொல். கத்தோலிக்கர் முற்காலத்தில் தம் அடியார்களை ‘அர்ச்சியசிஷ்டர்’ என்றனர். இன்று ‘புனிதர்’ என்கின்றனர். இவற்றைக் கேட்டவுடன் மாசின்மையும் தீட்டின்மையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், எபிரேய மொழியிலுள்ள ‘கதோஷ்’ என்னும் மூலச்சொல், இறைவனுக்கென்று பிரித்து வைக்கப்பட்டது என்னும் கருத்தை உடையது என்பர் அறிஞர். ஆலயத்துப் பாத்திரம் மற்றப் பாத்திரங்களினின்று வேறுபடுவது உலோகத்தால் அன்று. அது யாருக்கு உரியது என்பதனால்.

அங்ஙனமாயின், பிரித்து வைக்கப்பட்டவர் உலகை விட்டு விலகிவிட வேண்டுமோ? பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இறைவன் தூயவர், ஆதலின் அவருடைய மக்களும் தூயராய் இருத்தல் வேண்டும் என்னும் கட்டளையோடு அது தொடங்குகிறது. வழிபாட்டு விதிகளும் அதில் இடையிடையே உண்டு. ஆயினும், நெஞ்சைத் தொடுவன பிற. வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமல் ஏழைக்கும் அயலானுக்கும் விட்டுவிட வேண்டும். கூலியாளின் கூலியை விடியும்வரை கையில் வைத்திருத்தல் ஆகாது. தராசும் படிக்கல்லும் பொய்யாதிருத்தல் வேண்டும். தூய்மையைத் தேடிச் சென்றவனை இவ்வதிகாரம் களத்துமேட்டிலும் கடைவீதியிலும் கொண்டு நிறுத்திவிடுகிறது!

அங்கே மற்றொரு விதியும் உண்டு. செவிடனை நிந்தித்தல் கூடாது. குருடன் செல்லும் வழியில் தடையிடுதல் கூடாது. செவிடன் அந்நிந்தையைக் கேட்கப் போவதில்லை. தடையிட்டவன் யாரெனக் குருடன் அறியப் போவதுமில்லை. இறைவன் ஒருவரே சாட்சி. சொந்த ஊரில் வாழ்பவனுக்கு ஊரார் கண்ணே ஒரு வேலி. கான்பூரிலோ நாகபுரியிலோ வேலை நிமித்தம் குடியேறியவனுக்கு அவ்வேலி இல்லை. ஞாயிறுதோறும் ஆலயம் சென்று வருபவன், பாத்திரம் துலக்கும் பெண்ணின் மாதக் கூலியைத் தவணை சொல்லிக் கடத்துவானாயின், அவனுடைய பக்தியைப் பற்றி இவ்வதிகாரம் என்ன கூறும் என்பது வெளிப்படை. அயலானைத் தன்னைப் போல் நேசிக்க வேண்டும் என்றும் அதே அதிகாரம் பணிக்கிறது. நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தீர்கள் அல்லவா என்பதே அதற்குக் காட்டப்படும் காரணம். பிற மாநிலத்தில் வீடு தேடி அலைந்தவர்க்கு இக்காரணம் உரையின்றியே விளங்கும்.

புதிய ஏற்பாட்டில் பவுல் அடிகள் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில், அச்சபையாரைத் தூயராக அழைக்கப்பட்டவர் என்று விளிக்கிறார். அவர்களோ கட்சி பிரிந்து சச்சரவிட்டவர்கள். ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தவர்கள். அக்குறைகளையெல்லாம் அவரே அதே நிருபத்தில் கண்டிக்கிறார். உரிமை முதலில் வருகிறது. அதற்கேற்ற ஒழுக்கம் பின்னர் வளர வேண்டியிருக்கிறது. தம் முயற்சியால் தேர்ச்சி பெற்ற பின்னரே இறைவனை அணுகலாம் என்று அஞ்சி நிற்போர் இவ்வரிசையை ஊன்றி நோக்குதல் நலம்.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் லாரன்ஸ் என்னும் சகோதரர் இருந்தார். போர்வீரராய் இருந்து காயமுற்றவர், குருப்பட்டம் பெறாதவர். மடத்தில் அவருக்கு வாய்த்தது சமையற்கட்டு. அதில் அவருக்கு இயல்பாகவே வெறுப்பு! ஆயினும், அங்கேயே பல ஆண்டுகள் உழைத்தார். இறைவன் தம் அருகில் இருப்பதை இடையறாது நினைந்து, செபவேளைக்கும் வேலைவேளைக்கும் வேற்றுமையின்றி வாழ்ந்தார் என்பது அவரோடு உரையாடியோர் எழுதி வைத்த செய்தி. அவர் 1691இல் மறைந்தார்.

ஒருமுறை மடத்துக்குத் திராட்சைமது வாங்கி வருமாறு அவரைப் பர்கண்டி நாட்டுக்கு அனுப்பினர். கொள்முதல் அவருக்குக் கைவராத தொழில். காலும் ஊனம், ஆதலால் படகில் பீப்பாய்களின்மேல் உருண்டே அவர் இடம்பெயர வேண்டியிருந்தது. இது உம்முடைய வேலை என்று இறைவனிடம் கூறிவிட்டுக் கவலையின்றிப் புறப்பட்டாராம். கொள்முதலும் நன்றாகவே முடிந்தது.