பாலர் வகுப்பில் எழுத்தும் எண்ணும்

(நூற்றாண்டு நிறைவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு என்றதும் எங்கள் பேச்சு உயர்தரப் பெறுபேறுகளையும் பல்கலைக்கழக அனுமதிகளையும் சுற்றியே வருகிறது. அவற்றில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் இன்று இந்தப் பாடசாலையிலேயே மிகச் சிறிய கதிரைகள் இருக்கும் அறையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். சிறுவர் வைத்தியராகிய எனக்கு அந்த அறையோடு தினமும் தொடர்பு உண்டு. "வாசிக்கிறாளில்லை டொக்டர்", "கணக்கு ஏறுதில்லை", "எழுதச் சொன்னால் வயிற்று வலி எண்டுறான்" என்று சொல்லித் தாய்மார் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். அநேகமான பிள்ளைகளுக்கு நோய் எதுவும் இருப்பதில்லை. சிலருக்கு இருக்கிறது, அதை எவரும் கவனித்திருக்கமாட்டார்கள். இந்த இரு சாராரையும் ஊர் ஒரே சொல்லால்தான் அழைக்கிறது: "மொக்கு". அந்தச் சொல் ஒரு பிள்ளையின் மேல் விழுவதைத் தடுக்க எங்களால் என்ன செய்யலாம் என்பதே இன்று என் பேச்சு.

முதலில் எழுத்தைப் பார்ப்போம். வாசிப்பு கண்ணில் தொடங்குகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது காதில் தொடங்குகிறது. பட்டம், படம், பல்லி ஆகிய மூன்றும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன என்று கேட்டறிகிற பிள்ளைக்கே 'ப' என்ற வடிவம் பொருள்படும். பாட்டுக்குக் கைதட்டுவதும், ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி ஒலியில் அடுத்தவர் புதுச்சொல் தொடங்குவதும் வெறும் பொழுதுபோக்கு அல்ல. வாசிப்பின் அத்திவாரம் அங்கேதான் போடப்படுகிறது. அம்மம்மாமார் படிப்பிக்கிறோம் என்று அறியாமலே படிப்பித்த பாடம் அது.

தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம் என 247 எழுத்துகள். இத்தனையையும் வரிசையாக ஒப்புவித்த பின்னரே சொல் வாசிக்கலாம் என்று வைத்தால் பிள்ளை களைத்துப் போகும். ட, ப, ம என்ற மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் போதும்; படம், பட்டம், மடம், மட்டம் என்று முதல் கிழமையிலேயே பிள்ளை வாசித்துவிடும். தான் வாசிக்கிறேன் என்ற எண்ணம் அந்த வயதில் பெரிய மருந்து.

எங்கள் எழுத்தில் சில இடங்கள் உண்மையாகவே கடினமானவை. 'பெட்டி' என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, அதன் ஒலியோ 'ப்' என்ற ஒலிக்குப் பின்னால் வருகிறது. 'கொ' என்பதில் ஒரே உயிரொலிக்குரிய குறிகள் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கின்றன. கண் பார்க்கும் ஒழுங்கும் காது கேட்கும் ஒழுங்கும் இங்கே வேறு வேறு. இதில் தடுமாறும் பிள்ளைக்கு அறிவு குறைவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பழக்கம் வேண்டும், அவ்வளவே. எழுத்தையும் இலக்கத்தையும் இடம் வலமாகத் திருப்பி எழுதுவதும் அப்படியே. ஒரு கோப்பையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கோப்பைதான் என்று கற்ற மூளை, 3ஐத் திருப்பினால் அது 3 அல்ல என்பதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. ஆறு, ஏழு வயது வரை இது சாதாரணம்.

இனிக் கை. மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையின் எக்ஸ்-கதிர்ப் படத்தில் பொதுவாக அவற்றில் ஒன்றும் தெரியாது. அப்போது அவை குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக எலும்பாகி, கடைசி எலும்பு படத்தில் தெரிய எட்டு, ஒன்பது வயதுக்கு மேலாகிவிடும். விரல்களின் நுண்ணிய தசைக்கட்டுப்பாடும் படிப்படியாகவே வருகிறது. மூன்று வயதுப் பிள்ளையிடம் இரட்டைக்கோட்டுக் கொப்பியில் ஒரு பக்கம் 'அ' எழுதி வரச் சொல்வது, கை ஆயத்தமாகுமுன் கையிடம் வேலை கேட்பதாகும். களிமண் பிசைவது, மணி கோர்ப்பது, மணலில் கீறுவது, அம்மாவோடு பிட்டுக்கு மா குழைப்பது, இவையெல்லாம் எழுதும் கைக்குத் தரும் பயிற்சி. ஏடு தொடக்கும் நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில்தான் எழுத வைக்கிறோம். அந்த ஒரு நாளைக்கு மட்டும் நாங்கள் சரியாகச் செய்கிறோம்! மறுநாளே பென்சிலைக் கொடுத்துவிடுகிறோம்.

1907ஆம் ஆண்டு உரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொன்ரிசோரியும் ஒரு வைத்தியரே. அரத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்த பிறகே அவர் எழுத்துக்குப் போனார். எண்ணுவதற்கு மணிகளைக் கையில் கொடுத்தார். இன்று எங்கள் ஊர்களில் ஒழுங்கைக்கு ஒரு முன்பள்ளி அவர் பெயரைப் பலகையில் தாங்கி நிற்கிறது. உள்ளே அந்த மணிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கணக்குக்கு வருவோம். "என்ரை பிள்ளை நூறு வரைக்கும் சொல்லுவான்" என்பார்கள். சந்தோஷம். நான் மேசையில் பத்துப் புளியங்கொட்டைகளை வைத்து, "எனக்கு நாலு தாங்கோ" என்று கேட்பேன். நூறு வரை சொல்லும் பிள்ளை ஒரு கை நிறைய அள்ளித் தரும். எண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வது பாட்டுப் போன்ற ஒன்று. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று தொட்டு எண்ணுவது அடுத்த படி. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத் தொகை என்று உணர்வது அதற்கும் மேலான படி. பெரும்பாலான பிள்ளைகள் மூன்றரை, நான்கு வயதளவில் இந்தப் படியில் ஏறுகிறார்கள். சிலர் சற்றுப் பிந்துவார்கள். ஏறும் முன் கூட்டல், கழித்தலை எழுத வைத்தால் பிள்ளை குறிகளைப் பாடமாக்கும், கணக்கைக் கற்காது.

எண்களில் தமிழ் எங்களுக்கு ஒரு வரம் தந்திருக்கிறது. பதினொன்று என்னும்போதே பத்தும் ஒன்றும் கேட்கிறது. இருபத்து மூன்று என்னும்போது இரண்டு பத்தும் மூன்றும் கேட்கிறது. ஆங்கிலத்தில் இலெவன், ட்வெல்வ் என்ற சொற்களில் பத்து கேட்பதில்லை. எங்களுக்குச் சிக்கல் ஒன்பதில்தான்: தொண்ணூறில் நூறும் தொள்ளாயிரத்தில் ஆயிரமும் ஒலிப்பதால், எண்பத்தொன்பதுக்குப் பிறகு பிள்ளை திகைத்து நிற்கும். அந்த இடத்தில் சிரிக்காமல் கைகொடுங்கள். இடியப்பத்தட்டை எண்ணுவது, ஆளுக்கு இரண்டு தோசை என்றால் நாலு பேருக்கு எத்தனை என்று கேட்பது, கொக்கான் வெட்டுவது, தாயம் உருட்டுவது, எல்லாம் கணக்கு வகுப்புத்தான்.

இனி, நோய் உள்ள பிள்ளைகள். அண்மையில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொண்டு வந்தார்கள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள், சொல்வழி கேளாள், எழுத்தெல்லாம் பிழை என்பது முறைப்பாடு. பல்லி, பள்ளி இரண்டும் அவளுக்கு ஒன்று. கரி, கறி இரண்டும் ஒன்று. காதைப் பரிசோதித்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி நின்றது. சளி, தடிமன் அடிக்கடி வரும் இந்த வயதில் இது பரவலாகக் காணப்படும் ஒன்று. வலி இராது, சீழ் வடியாது. விரலால் காதை அடைத்துக்கொண்டு கேட்பது போல உலகம் மங்கிக் கேட்கும். ஒரு கிழமை கேட்கும், மறு கிழமை கேட்காது. அதனால்தான் 'வேண்டுமென்றே கேளாமல் இருக்கிறாள்' என்று தோன்றுகிறது. பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே மாறிவிடும். நீடித்தால் சிகிச்சை உண்டு. அதுவரை அவளை முன்வரிசையில் இருத்தி, முகம் பார்த்துப் பேசினாலே பாதிப் பிரச்சினை தீரும். அவள் ஒரு வருடமாகப் பின்வரிசையில் இருந்திருக்கிறாள்.

கண்ணும் அப்படியே. ஒரு கண்ணில் பார்வை குறைந்த பிள்ளை அதைச் சொல்லாது. மற்றக் கண்ணால் சமாளித்துக்கொள்ளும். அந்தச் சோம்பற்கண்ணுக்கு ஏழு வயதுக்கு முன் சிகிச்சை செய்தால் பலன் அதிகம். பிந்தப் பிந்தப் பலன் குறையும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை வகுப்பில் சோர்ந்திருக்கும். இரவில் பிந்தி உறங்கும் பிள்ளையும் அப்படியே. மூன்று, நான்கு வயதில் ஒரு நாளைக்குப் பத்து முதல் பதின்மூன்று மணித்தியால உறக்கம் வேண்டும், திரை பார்ப்பது ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. எங்கள் நாட்டில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தரங்களில் நடக்கிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் பாலர் வகுப்புப் பிள்ளை தரம் ஒன்று வரை காத்திருக்கத் தேவையில்லை.

வெளிநாடுகளில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் "வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளையின் ஆங்கிலம் பின்தங்குமோ" என்று பயப்படுகிறீர்கள். பயம் வேண்டாம். ஒலிகளைப் பிரித்தறியும் திறனை ஒரு மொழியில் பெற்ற பிள்ளை அதை மற்ற மொழிக்கும் கொண்டுபோகும். உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் கதை சொல்லுங்கள். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1989இலேயே சிறுவர் வைத்தியர்கள் கிளினிக்குக்கு வரும் பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் கொடுத்து, பெற்றோரை வாசித்துக் காட்டச் சொல்லத் தொடங்கினார்கள். மருந்துச்சீட்டோடு புத்தகமும் கொடுக்கலாம் என்பதை நான் அவர்களிடமிருந்தே அறிந்தேன்.

இப்போது என் வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கு பாலர் வகுப்புக்கு என்று செயலாளர் அறிவித்தார். பெரிய தொடுதிரை ஒன்று வாங்கும் யோசனையும் இருப்பதாக அறிகிறேன். அதை முன்வைத்தவர்களின் நல்ல மனதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பணத்தில் முதலில் வேறு சில வேலைகளைச் செய்வோம். வருடத்தின் முதல் தவணையில் ஒவ்வொரு பாலர் வகுப்புப் பிள்ளையின் காதும் கண்ணும் பரிசோதிக்கப்பட வேண்டும். எங்கள் சங்கத்தில் வைத்தியர்களுக்குக் குறைவில்லை, நான் என் நாட்களைத் தருகிறேன். நல்ல தமிழ்ப் படக்கதைப் புத்தகங்கள் வாங்கி, கிழமைக்கு ஒன்றாக வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம். மணி, கட்டை, சோகி, களிமண் எல்லாம் அந்த அறையில் தாராளமாக இருக்கட்டும். பாலர் வகுப்பு ஆசிரியைகளுக்குப் பயிற்சியும், அவர்கள் உழைப்புக்கு ஏற்ற ஊதியமும் கிடைக்க உதவுவோம்.

அதிபர் அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அனுமதி நேர்முகத்தில் சின்னப் பிள்ளையை எழுதச் சொல்லிப் பார்க்கும் வழக்கம் பல பாடசாலைகளில் இருக்கிறது. நாங்கள் அதைக் கைவிட்டால், இந்த ஊரின் முன்பள்ளிகள் எல்லாம் மூச்சுவிடும். புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்று வயதுக் கொப்பியில் விழுவதை நிறுத்தும் முதல் அடியாக அது அமையும். எங்கள் பாடசாலை செய்தால் மற்றவர்களும் யோசிப்பார்கள். நூறு வருடப் பெயரின் பயன் அதுதானே.

பரிசோதனைக்கு உதவ விரும்பும் வைத்தியர்களும் தாதியர்களும் தேநீர் இடைவேளையில் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.