கீறல் விழுந்த கடிகாரக் கண்ணாடி



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பழைய வீடுகளில் பீரோவின் உள்ளறையைத் திறந்தால், சாவி கொடுக்கிற கைக்கடிகாரம் ஒன்று கிடப்பதைப் பார்க்கலாம். எச்.எம்.டி. ஜனதாவாக இருக்கும், இல்லையென்றால் பைலட், சோனா. கல்யாணத்தில் மாமனார் போட்டதோ, முதல் போனஸில் வாங்கியதோ. சாவி கொடுத்தால் ஓடவும் செய்யும். ஆனால் மணி தெரியாது, மேலெல்லாம் கீறல். கண்ணாடி போய்விட்டது என்று சொல்லித் திரும்ப உள்ளே வைத்துவிடுகிறோம். அந்தக் கீறலை நீக்கும் கைவேலை எவ்வளவு தூரம் பலிக்கும், எங்கே பலிக்காது, செய்யத்தான் வேண்டுமா என்று இன்று எடைபோட்டுப் பார்ப்போம்.

இந்த வட்டாரத்துக்கும் அந்தக் கடிகாரத்துக்கும் உறவு உண்டு. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1959-இல் டன்லப், 1964-இல் தொழிற்பேட்டை. 1965-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. ஷிப்டுக்கு ஓடுகிறவர்களுக்கு மணிக்கட்டில் நேரம் வேண்டும். சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு தீர்மானம் போட்டது இதே ஆவடியில்தான். அந்தக் காலத்தின் பொதுத்துறை நம்பிக்கையில் வளர்ந்த எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1961-இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. பிறகு ஓசூரிலிருந்து டைட்டனின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்தன; சாவி கொடுக்கும் பழக்கம் மெல்ல மறைந்தது. 2016-இல் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. கடிகாரங்கள் இன்னும் நம்மிடம் இருக்கின்றன.

அவற்றின் மேலே இருப்பதை நாம் கண்ணாடி என்கிறோம். உண்மையில் அது அக்ரிலிக் என்ற தெளிவான பிளாஸ்டிக். விழும் ஒளியில் ஏறத்தாழ 92 விழுக்காட்டை உள்ளே விடும். கீழே விழுந்தால் சில்லு சில்லாக நொறுங்காது. நாசா 1965-இல் விண்வெளி வீரர்களுக்காகத் தேர்ந்தெடுத்த ஒமேகா ஸ்பீடுமாஸ்டரின் மேல் இருந்ததும் இதே வகைப் பொருள்தான். எடையற்ற நிலையில் விண்கலத்துக்குள் கண்ணாடித் தூள் மிதந்தால் கண்ணுக்கும் ஆபத்து, கருவிக்கும் ஆபத்து.

இதன் குறை மென்மை. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அக்ரிலிக் 3-ஐ ஒட்டி நிற்கிறது. சாதாரணக் கண்ணாடி ஐந்தரை, சஃபையர் 9. தெருப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் 7. பூந்தமல்லி சாலைப் புழுதி படிந்த சட்டைக் கையே இதைக் கீறிவிடும். லேத் பட்டறையின் இரும்புத் துகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் எளிதில் கீறல் விழுகிற இந்த மென்மைதான் கீறலை எளிதில் எடுக்கவும் விடுகிறது. சஃபையரில் கீறல் விழுந்தால் வைரத் தூள் வேண்டும். அக்ரிலிக்குக் கொஞ்சம் பஞ்சும் பொறுமையும் போதும்.

வேலை நடக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதி தவறு குறையும். பசை தடவினால் கீறல் அடைபடும் என்று பலர் நினைக்கிறார்கள். கீறல் ஒரு பள்ளம். அதை யாரும் நிரப்புவதில்லை. பள்ளத்தைச் சுற்றியுள்ள மேற்பரப்பை அந்த ஆழத்துக்கு இறக்குகிறோம். பழைய வீடுகளில் மொசைக் தரைக்குப் பாலிஷ் போட்டதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். முதலில் சொரசொரப்பான கல், பிறகு நைசான கல், கூடவே தண்ணீர். முந்திய கல் போட்ட கோட்டை அடுத்த கல் அழிக்கும்.

முதலில் கீறலுக்குக் குறுக்கே நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கவில்லை என்றால் மேலோட்டமான கீறல். பாலிஷ் பசை மட்டும் போதும். நகம் சிக்கினால் வாட்டர் பேப்பர் எடுக்க வேண்டும். பெயிண்ட் கடையில் 1000, 1500, 2000 என்ற எண்களில் கிடைக்கும். எண் கூடக்கூட நைஸ். வாரைக் கழற்றி, சாவித் திருகை உள்ளே அழுத்தி, உலோக விளிம்பைச் சுற்றி செல்லோடேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஜனதா தண்ணீர் புகாத கடிகாரம் அன்று. தாளில் ஈரம் இருந்தால் போதும், சொட்டக் கூடாது. விரல் நுனியில் தாளை வைத்து, அழுத்தாமல், மேற்பரப்பு முழுவதும் சீராகத் தேய்க்க வேண்டும். கீறல் இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழும். பிறகு டயலின் எண்கள் நெளிந்து தெரியும். கண்ணாடி முழுதும் பால்போல் மங்கிப் போகும்போது பயந்துவிடாதீர்கள், அப்படித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்திய கோடு போயிற்றா என்று கண்ணுக்கே தெரியும்.

இனி பசை. ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். வெள்ளைப் பற்பசை மயிரிழைக் கீறலை எடுக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. பல்பொடி வேண்டாம், அதன் பருமனான துகள் புதுக் கீறல் போடும். பெல்ட் பக்கிளைப் பளபளப்பாக்கும் பிராஸோ, போலீஸ் பட்டாலியனும் விமானப்படையும் இருக்கிற ஆவடியில் புதுப் பொருள் அன்று. அக்ரிலிக்கில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதே பிராஸோ குரோம் முலாமையும் தங்க முலாமையும் தின்றுவிடும்; செல்லோடேப் ஒட்டச் சொன்னது அதற்காகத்தான். கார் பெயிண்ட் பட்டறையின் ரப்பிங் காம்பவுண்டில் நைஸ் ரகமும் உதவும். இதற்கென்றே ஜெர்மனியில் செய்யும் பாலிவாட்ச் என்ற பசை கடைசி மெருகுக்குச் சிறந்தது. எதுவானாலும் பஞ்சிலோ மெல்லிய பருத்தித் துணியிலோ தொட்டு, சில நிமிடம் வட்டமாகத் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். தொழிற்பேட்டையில் பஃபிங் மெஷின் இருக்கிறதே, ஒரு நொடியில் முடியுமே என்று தோன்றும். அக்ரிலிக் 105 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும். ஓரிடத்தில் நின்று சுற்றும் பஃப் அந்தச் சூட்டை எளிதில் கொடுக்கும். கையே பத்திரம். அடுத்தது, தின்னர், நகப்பூச்சு நீக்கி, ஸ்பிரிட் எதுவும் கிட்டே வரக் கூடாது. வந்தால் உள்ளுக்குள் வலைபோல் விரிசல் ஓடும்.

விரிசலைப் பாலிஷால் எடுக்க முடியாது. வெயிலாலும் வயதாலும் மஞ்சளித்ததையும் எடுக்க முடியாது. அதற்கு வாட்ச் ரிப்பேர்காரரிடம் போய்ப் புதுக் கண்ணாடி போடுவதுதான் வழி. விட்டத்தை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை அளந்து, விளிம்பில் இறுக்கிப் பொருத்துவது அவர் தொழில். செலவும் அதிகம் ஆகாது.

அப்படியானால் நாமே ஏன் தேய்க்க வேண்டும்? என் கணிப்பில் காரணம் நேர்மை. பழைய எச்.எம்.டி.க்கு இப்போது சந்தை இருக்கிறது. அதனால் டயலைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்து, இல்லாத மாடலை உண்டாக்கி விற்கிறார்கள். அந்தக் கடிகாரம் தன் கதையை இழந்துவிடுகிறது. கண்ணாடிக்குப் பாலிஷ் போடுவது எதையும் பொய்யாக்குவதில்லை. டயலின் மங்கலையும் முள்ளின் கறையையும் உள்ளபடி காட்டுகிறது. பழுதுபார்க்கும் கலைகளில் இது சின்னக் கலை. ஆனால் செலவு குறைவு, கற்பது எளிது, கெடுதல் அநேகமாக இல்லை. எண்ணத்தக்க குறை ஒன்றுண்டு: ஒவ்வொரு முறையும் கண்ணாடி கொஞ்சம் தேய்கிறது. ஆகவே கீறல் தெரிந்தவுடனெல்லாம் தேய்க்காமல், மணி பார்க்கத் தடையாகும்போது மட்டும் செய்வது போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து அந்தக் கடிகாரத்தை எடுங்கள். விரிசல் இருந்தால் தெருமுனை ரிப்பேர்காரருக்கு ஒரு வேலை கொடுங்கள். கீறல் மட்டும்தான் என்றால் பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து நீங்களே தேய்த்துப் பாருங்கள். பிறகு உள்ளே பூட்டிவைக்காமல் கையில் கட்டுங்கள்.