தொட்டால்தான் அன்பா?

(பட்டிமன்றத் தலைப்பு: பிள்ளைகளுக்கு விலங்குகளிடம் அன்பு வளர்வது தொட்டுப் பழகுவதாலா, தள்ளி நின்று பார்ப்பதாலா? ‘தள்ளி நின்று பார்ப்பதால்தான்’ என்ற அணியில் பேசியது. இடம்: அஞ்செட்டி.)



எதிரணித் தலைவர் புலவர் ஐயா அழகாகப் பேசினார். “குழந்தை எதையுமே தொட்டுத்தான் தெரிந்துகொள்ளும். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற யானையைப் பார்த்து என்ன அன்பு வரும்? உயிரியல் பூங்காவிலே டிக்கெட்டைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். யானைக் குட்டிக்குப் புட்டியிலே பால் கொடுக்க விடுங்கள். புலிக் குட்டியை மடியிலே வைத்துக்கொள்ள விடுங்கள். மலைப்பாம்பைக் கழுத்திலே மாலையாகப் போட்டுக்கொள்ள விடுங்கள்” என்றார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன். நடுவர் அவர்களே, அடுத்த மேடையிலே புலவருக்குப் பூமாலைக்குப் பதிலாக அந்த மாலையையே போட்டுவிடலாம்! (சிரிப்பு)

இந்தத் தலைப்பைச் சென்னையிலே பேசினால் யானையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகலாம். அஞ்செட்டியிலே முடியாது. ராகிக் கதிர் முற்றுகிற நாளிலே பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் தளி, ஜவளகிரி வழியாக இந்தப் பக்கம் இறங்கி வருகிறது என்று இங்கே ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பரண் மேலே உட்கார்ந்து பனியிலே ராக்காவல் காத்தவர்கள் இந்தக் கூட்டத்திலே எத்தனை பேர் இருப்பீர்கள்! தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையிலே யானையை விரட்டுகிற ஊர் இது. நாம் யானை என்போம், பக்கத்து வீட்டுக்காரர் ஏனுகு என்பார், எதிர் வீட்டுக்காரர் ஆனெ என்பார். எந்தப் பாஷையிலே சொன்னாலும் அது ராகியைத் தின்றுவிட்டுத்தான் போகும்! (சிரிப்பு, கைதட்டல்) அப்படி ராத்திரியெல்லாம் தூக்கம் கெட்ட மனிதர்தான் காலையிலே, “பாவம் சார், அதுக்கும் வயிறு இருக்கே” என்று சொல்கிறார். அவர் எந்த யானையைத் தொட்டுப் பழகினார் ஐயா? எந்தக் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்தார்? நூறடி தள்ளி நின்று பார்த்தவர்தானே! அந்த வார்த்தை அவருக்கு எங்கேயிருந்து வந்தது?

எதிரணியிலே பேசிய சகோதரி ஒரு பெரிய அஸ்திரத்தை எடுத்தார். ஆஸ்கார் வாங்கிய ஆவணப்படத்தைச் சொன்னார். “முதுமலையிலே பொம்மனும் பெள்ளியும் ரகு என்கிற யானைக் குட்டியைத் தொட்டு, குளிப்பாட்டி, கூடப் படுத்து வளர்த்தார்களே, அது அன்பு இல்லையா?” என்று கேட்டார். கண்ணிலே தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு இல்லை, எனக்கு.

அம்மா, அந்த ரகு எந்த ஊர்ப் பிள்ளை தெரியுமா? இந்த ஊர்ப் பிள்ளை! 2017லே இதோ பக்கத்திலே தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பக்கம் கிடைத்தவன். தாய் மின்சாரம் தாக்கிச் செத்துப்போச்சு. கூட்டத்தை விட்டுப் பிரிந்த குட்டியை நாய்கள் கடித்துக் குதறியிருந்தன. வனத்துறையார் மீட்டுத் தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்குமா என்று தெரியாத உயிரைப் பொம்மன் கையிலே ஒப்படைத்தார்கள். ஆக, மனிதன் போட்ட கம்பியால் தாயை இழந்த பிள்ளைக்கு மனிதன் கொடுத்த வைத்தியம் அந்தத் தொடுதல். வேறு வழியில்லாமல் கொடுத்தது.

ஆஸ்பத்திரியிலே தீவிரச் சிகிச்சைப் பிரிவிலே நர்ஸம்மா நோயாளியைத் தொடுகிறார். அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, “எனக்கும் ஒரு டிக்கெட் கொடுங்க, நானும் தொட்டுப் பார்க்கிறேன்” என்று வரிசையிலே நிற்கலாமா? (கைதட்டல்) 2023 மார்ச்சிலே ஆஸ்கார் அறிவித்ததும் தெப்பக்காட்டுக்குக் கூட்டம் கூட்டமாக ஜனம் போனது. எதற்கு? ரகுவோடு படம் பிடித்துக்கொள்ள! பொம்மனின் கை வருஷக்கணக்கிலே அந்தக் குட்டியோடு இருந்த ஒரே கை. நீங்கள் கேட்கிறது, ஒரு நாளைக்கு இருநூறு கை, ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம். இரண்டுக்கும் ஒரே பேர் வைத்தால் எப்படி?

அதே மார்ச் மாதத்திலே நடந்த இன்னொன்றை யாரும் படம் எடுக்கவில்லை. பக்கத்து மாவட்டம், தருமபுரி. பென்னாகரம் பக்கம் நான்கு மாதக் குட்டி ஒன்று கிணற்றிலே விழுந்தது. தூக்கிவிட்டார்கள். கூட்டத்தோடு சேர்க்கப் பார்த்தார்கள், சேரவில்லை. தெப்பக்காட்டுக்குக் கொண்டுபோய், அதே பொம்மன், பெள்ளி பொறுப்பிலேதான் விட்டார்கள். தொட்டு வளர்ப்பதிலே இந்தியாவிலேயே பேர்போன கைகள். மாதம் முடிவதற்குள் குட்டி இறந்துபோச்சு. கொடுத்த பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய இருபத்திரண்டு மாதம் சுமந்து பெற்ற தாயின் பாலுக்கு ஈடாக எந்த டப்பாப் பாலும் நிற்பதில்லை பெருமக்களே. அப்பேர்ப்பட்ட கைகளிலேயே நழுவுகிற உயிரை, பஜ்ஜி தின்ற கையோடு வருகிற நம்மிடம் புட்டியைக் கொடுத்து, “ஊட்டுங்க” என்று சொல்லச் சொல்கிறார் புலவர்!

அடுத்தது பொள்ளாச்சிப் பக்கம். 2023 டிசம்பர் கடைசி, ஆனைமலைப் புலிகள் காப்பகம். வழி தவறிய குட்டி ஒன்று கிடைத்தது. வனத்துறைக்காரர்கள் முதலிலே என்ன செய்தார்கள்? கொஞ்சினார்களா? குளிப்பாட்டி, உடம்பெல்லாம் சேற்றைப் பூசினார்கள். எதற்கு? மனித வாசனை போகணும்! நம்ம கை வாசனை இருந்தால் கூட்டம் சந்தேகப்படுமே என்கிற பயம். சேறு பூசி, கூட்டம் இருக்கிற இடத்தைத் தேடிக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். பிறகு தாய்க்குப் பக்கத்திலே அது படுத்துத் தூங்குகிற படம் ஒன்று வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தன் கை பட்டதையே அழித்துவிட்டுப் போனானே ஒரு வனக்காவலர், அவர் அன்பு பெரிதா, டிக்கெட் வாங்கித் தடவுகிறவர் அன்பு பெரிதா? நடுவர் எழுதிக்கொள்ள வேண்டும்.

புலிக் குட்டிக்கு வருவோம். மடியிலே வைக்க விடுங்கள் என்றார்கள். நான் தமிழ் வாத்தியார்தான், இருந்தாலும் ஒரு சின்னக் கணக்குப் போடுகிறேன். புலிக் குட்டி எத்தனை நாள் மடியிலே வைக்கிற அளவுக்கு இருக்கும்? சில மாதம். அப்புறம் அது புலி. அடுத்த சீசனுக்கு வருகிற பிள்ளைகளுக்கு மடியிலே வைக்க வேறு குட்டி வேண்டாமா? அதற்காகப் பெற வைத்துக்கொண்டே இருக்கணும். பெற்றதும் தாயிடமிருந்து பிரிக்கணும். வளர்ந்ததை எங்கே வைப்பது? தாய்லாந்திலே காஞ்சனபுரியிலே புலிக்கோயில் என்று ஒன்று இருந்தது. உலகமே போய்ப் புலியைத் தடவிப் படம் எடுத்துக்கொண்டது. 2016லே அரசாங்கம் உள்ளே நுழைந்தது. 147 புலிகளை மீட்டார்கள். குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் செத்த குட்டிகள், நாற்பது! மீட்ட புலிகளிலும் 86 மூன்று வருஷத்துக்குள் இறந்துபோய்விட்டன என்று 2019லே செய்தி வந்தது. அமெரிக்காவிலே 2022 டிசம்பரில் சட்டமே போட்டுவிட்டார்கள்: சிங்கம், புலி வகைக் குட்டிகளைப் பொதுஜனம் தொடக் கூடாது. அவ்வளவு பெரிய வியாபாரத்தை அமெரிக்காக்காரனே நிறுத்துகிறான், நாம் இப்போதுதான் தொடங்கலாமா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம்.

இலங்கையிலே பின்னவலையைப் பற்றி எதிரணித் தம்பி சொன்னார். 1975லே, தாயில்லாக் குட்டிகளுக்காக நல்லெண்ணத்தோடுதான் தொடங்கினார்கள். மறுக்கவில்லை. ஆனால் பால் கொடுக்கிற நேரத்தைப் பலகையிலே எழுதி, பணம் கட்டினவர் கையிலே புட்டியைக் கொடுத்தபோதே குட்டியின் பசி காட்சி நேரம் ஆகிப்போச்சு அல்லவா?

நம்ம நாட்டிலே சட்டம் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலே 1991லே திருத்தம் கொண்டுவந்து, பூங்காவிலே விலங்கைச் சீண்டக் கூடாது, துன்புறுத்தக் கூடாது, தீனி போடக் கூடாது, சத்தம் போட்டுத் தொந்தரவு பண்ணக் கூடாது, ஏன், குப்பைகூடப் போடக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். பலகையும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் நம்ம ஆள் குரங்குக்கு முறுக்கு போடுகிறான்.

முறுக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கேயிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி ரோட்டோரக் குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். அன்பாம்! பழகின குரங்கு அடுத்த வண்டியிலே இறங்குகிற பாட்டியம்மாவின் கைப்பையைப் பிடுங்குகிறது. பாட்டி கத்த, மகன் கல்லெடுக்கிறான். பழம் கொடுத்தவர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார். கல்லடி குரங்குக்கு. என் வீட்டம்மா அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டார்: “காட்டிலே கிடைக்கிறதைத் தின்னுட்டிருந்ததை முறுக்குக்குப் பழக்கினது யாரு?” முப்பது வருஷம் மேடையிலே பேசுகிறேன், அதற்கு எதிர்வாதம் கிடைக்கவில்லை. வீட்டிலே எனக்கு எதற்குமே கிடைப்பதில்லை! (சிரிப்பு)

நோயைப் பற்றி எதிரணி ஒரு வார்த்தை பேசவில்லை. 2021 ஜூன் மாதம் வண்டலூரிலே சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது. நீலா என்கிற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. அதே மாதம் ஓர் ஆண் சிங்கமும் போச்சு. யாரும் மடியிலே வைத்துக் கொஞ்சவில்லை, அகழிக்கு அந்தப் பக்கம் இருந்த சிங்கங்கள். அதற்கே அப்படி! உடனே தெப்பக்காட்டிலே இருந்த 28 யானைகளுக்கும் தும்பிக்கையிலே மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மனிதனுடைய காசநோய் யானைக்குத் தொற்றும், யானையிடமிருந்து மனிதனுக்கும் திரும்பும். இருமுகிற தாத்தாவும் வருவார், மூக்கு ஒழுகுகிற பேரனும் வருவான், எல்லாரும் அந்தத் தும்பிக்கையைத்தான் தடவணும் என்றால் எப்படி?

ஆபத்து நமக்கும் உண்டு. 2025 ஜனவரியிலே, தாய்லாந்திலே, யானையைக் குளிப்பாட்டக் காசு கட்டின ஸ்பெயின் நாட்டு மாணவி அந்த யானையாலேயே இறந்துபோனார். பழக்கின யானைதான், தினமும் குளிக்கிற யானைதான். பழக்குவது என்றால் என்ன? முன்பின் தெரியாத கை முதுகிலே பட்டால் திரும்பக் கூடாது, சலிக்கக் கூடாது, பசித்தாலும் நகரக் கூடாது என்று அதற்குச் சொல்லித்தரணும். கிண்டர்கார்டன் பாடம் மாதிரியா சொல்லித்தருவார்கள்? சங்கிலியும் அங்குசமும்தான் பாடப்புத்தகம்.

இலக்கியத்திலிருந்து ஒன்று சொல்லாமல் இறங்கினால் எனக்கு முனைவர் பட்டம் கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கடையெழு வள்ளல்களிலே பேகன். மயில் குளிரிலே நடுங்குகிறது என்று நினைத்துப் போர்வையைக் கொடுத்தான். மயில் போர்த்திக்கொள்ளாது, உடுத்திக்கொள்ளாது என்று தெரிந்தும்தான் கொடுத்தான். அது இருக்கட்டும். மயிலைப் பிடித்தானா? தடவினானா? அரண்மனைக்குக் கொண்டுபோய், பிள்ளைகளே வந்து தொடுங்கள் என்றானா? கொடுத்தான், போய்விட்டான். இரண்டாயிரம் வருஷமாக அதற்குத்தான் அவனை வள்ளல் என்கிறோம்.

“அப்படியானால் பிள்ளை எதையுமே தொடக் கூடாதா?” என்று தம்பி முணுமுணுக்கிறார், காதிலே விழுகிறது. தொடட்டும் ஐயா! மாட்டுக்கொட்டகையிலே கன்றுக்குட்டி இருக்கிறது, ஆட்டுப்பட்டியிலே குட்டி இருக்கிறது, வாசலிலே நாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. பல்லாயிரம் வருஷமாக நம்ம கைக்குப் பழகின உயிர்கள். சாணி அள்ளி, தவிடு கரைத்து, ஈத்துக்கு ராத்திரி கண் விழித்துத் தொடட்டும். அந்தத் தொடுதலுக்கு டிக்கெட் கிடையாது, வேலை உண்டு.

யானையை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் தொட ஒன்று இருக்கிறது, சொல்கிறேன். யானை போன மறுநாள் காலை, வனத்துறைக்காரரோடு, பெரியவர் துணையோடு பிள்ளைகளைத் தோட்டத்து ஓரம் கூட்டிப்போங்கள். ஈர மண்ணிலே முன்னங்கால் தடம் இருக்கும். ஒரு கயிற்றை எடுத்து அந்தத் தடத்தின் சுற்றளவை அளக்கச் சொல்லுங்கள். வந்த அளவை இரண்டு மடங்கு ஆக்கினால் அந்த யானையின் தோள் உயரம் ஏறத்தாழ வந்துவிடும். கயிற்றை அப்படியே சுவரிலே உயர்த்திப் பிடித்து, “யம்மாடி, இவ்வளவு பெரிசா நேத்து ராத்திரி நம்ம வீட்டுப் பக்கம் நின்னது!” என்று அந்தப் பிள்ளை வாயைப் பிளக்கும் பாருங்கள்...

நடுவர் மணி அடித்துவிட்டார். புலவர் ஐயா, முடிவுரையிலே ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ரகுவுக்குப் பேச வாய் இருந்து, “உனக்கு யாருடைய கை வேண்டும்?” என்று நீங்கள் கேட்டிருந்தால், அவன் தேன்கனிக்கோட்டைக் காட்டிலே விழுந்து கிடந்த தாயின் தும்பிக்கையைச் சொல்லியிருப்பானா, வரிசையிலே நிற்கிற நம்மைச் சொல்லியிருப்பானா? (நீண்ட கைதட்டல்)