மருந்துக்குப் பின் வேலை

(கோயம்புத்தூரில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஊழியர் சார்பில் பேசிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் எத்தனை பேருக்குச் சிகிச்சை செய்தோம், எந்தக் கருவி வாங்கினோம் என்று கணக்கு ஒப்புவிப்போம். இந்த முறை எங்கள் குறை ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன் வார்ப்படப் பட்டறை ஒன்றில் வேலை செய்துவந்த ஒருவர், காலில் ஆறாத புண்ணோடு எங்களிடம் வந்தார். நெடுநாள் சர்க்கரை நோயாளி. உள்ளங்காலில் உணர்ச்சி இல்லை. சூட்டு மண்ணை மிதித்ததே அவருக்குத் தெரியவில்லை. ஆறு வாரம் வைத்திருந்து புண்ணை ஆற்றினோம். வீட்டுக்கு அனுப்பும்போது, "கடினமான வேலை எதுவும் செய்யக் கூடாது" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தோம். அவருடைய நன்மைக்கென்றுதான் எழுதினோம்.

அந்தச் சீட்டை அவர் பட்டறையில் காட்டினார். அந்த வாரமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் மாதம் அதே காலில் புதுப் புண்ணோடு திரும்பி வந்தார். இந்த மூன்று மாதமும் காய்கறி மண்டியில் மூட்டை தூக்கியிருக்கிறார். "புண்ணை ஆத்திக் குடுத்தீங்க, சரிங்க. வேலையை யாருங்க குடுப்பாங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கேள்வி மிஷன் மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. நம் நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையில் 1914-ல் ஒரு மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். அவருடைய தகப்பனார் 1929-ல் அந்த மலையிலேயே காய்ச்சலில் மரித்தார். மகன் டாக்டராகி 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்வார் ஒருவரும் இல்லை என்று அறிந்தார். வேலை செய்கிற தசையின் நாணை இடம் மாற்றிக் கட்டி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையை வேலூரில் செய்யத் தொடங்கினார்.

கைகள் நிமிர்ந்தன. ஆனால் நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போனவர்களில் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். முன்பு மடங்கிய கையைப் பார்த்து இரங்கிக் காசு போட்டவர்கள் இப்போது போடவில்லை. தொழுநோய்க்காரர் என்று வேலையும் தரவில்லை. அறுவைச் சிகிச்சை அவர்களுடைய பிழைப்பைக் கெடுத்துவிட்டது!

டாக்டர் பிராண்ட் இதைக் கேட்டு, தன் வேலை பாதியில் நிற்கிறது என்று உணர்ந்தார். வயதான மிஷனரி அம்மையார் ஒருவர் கொடுத்த நன்கொடையைக் கொண்டு, 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே 'நவஜீவ நிலையம்' உண்டாயிற்று. கிராமத்து வீடுகளைப் போன்ற சிறு வீடுகளில் நோயாளிகள் தங்கி மரவேலை கற்றார்கள், பொம்மைகள் செய்தார்கள்.

அங்கேதான் முக்கியமான ஒரு பாடம் கிடைத்தது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை டாக்டரால் திறக்க முடியவில்லை. நோயாளிப் பையன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தால் எலும்பு தெரியும்வரை கிழிந்திருந்தது. அவனுக்கு வலிக்கவே இல்லை. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். உண்மையில் வலி தெரியாததால், வேலையில் படும் காயங்களே விரல்களைத் தின்றுகொண்டிருந்தன.

இதை அறிந்த பின்பும் அவர்கள் வேலையை நிறுத்தவில்லை. வேலை செய்யும் விதத்தை மாற்றினார்கள். உளி, இரம்பம் ஆகியவற்றின் பிடிகளைத் தடிப்பாகவும் வழுவழுப்பாகவும் செய்தார்கள். நாள்தோறும் கைகளைச் சோதித்தார்கள். ஒவ்வொரு காயமும் எந்த வேலையில் எப்படி வந்தது என்று விசாரித்தார்கள். டாக்டர் பிராண்ட் 1966-ல் அமெரிக்காவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின், இதே அறிவு சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பதற்கும் பயன்பட்டது. எங்கள் பட்டறைக்காரருடைய கேள்விக்கு உரிய பதில் வேலூரிலேயே இருந்தது. நாங்கள்தான் அதைப் படித்தும் மறந்திருந்தோம்.

டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரையும் நினைவுகூர வேண்டும். 1954-ல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு அவருடைய இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப்போயிற்று. அப்போது அவர் இளம் டாக்டர். கையில் செய்யும் அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று டாக்டர் பிராண்ட் சொன்னார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். பின்பு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார். கால் வழங்கவில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தால் எத்தனை பேருக்கு நஷ்டம்!

இனி நம் ஊருக்கு வருவோம். இப்போது நாங்கள் சீட்டு எழுதும் முறையை மாற்றிக்கொண்டோம். செய்யக் கூடாததை எழுதினால், செய்யக் கூடியதையும் அதன் கீழே எழுதுகிறோம். அதற்கு முன் நோயாளியிடம் அவருடைய வேலையைப்பற்றி விசாரிக்கிறோம். எத்தனை மணி நேரம் நிற்கிறார்? இரவு ஷிப்ட் உண்டா? தண்ணீர் குடிக்கவும் வெளிக்குப் போகவும் விடுவார்களா? இவை தெரியாமல் எழுதும் சீட்டால் பயனில்லை.

வலிப்பு நோய் உள்ள ஒரு மில் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். ஆகையால் அவருக்கு இரவு ஷிப்ட் ஆகாது. ஓடும் இயந்திரத்தின் அருகிலும் உயரத்திலும் நிற்கக் கூடாது. ஆனால் பகல் ஷிப்டில் பேக்கிங் பிரிவில் தாராளமாக வேலை செய்யலாம். பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்டவருக்கு வாராந்திர விடுமுறை முடிந்து திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும். புளோ ரூம், கார்டிங் இரண்டிலும்தான் தூசி அதிகம். அங்கிருந்து அவரை மாற்றினாலே பெரிய உதவி. திருப்பூரில் தைக்கும் ஒருவருக்கு வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் என்றால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் போய்விடும். அவரால் ஒன்றரை ஷிப்ட் முடியாது. மற்ற நாட்களில் உட்கார்ந்து செக்கிங் பார்க்கவோ பிசிறு வெட்டவோ முடியும்.

சட்டத்தில் சில உதவிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ. திட்டம் 1955-ல் முதலில் கோவையில்தான் தொடங்கிற்று. அதில் சேர்ந்தவருக்கு நோய்க்காலத்தில் 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காசநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு முதலான 34 நீண்டகால நோய்களுக்கு, போதிய காலம் சந்தா கட்டியிருந்தால், இரண்டு வருஷம் வரைகூட 80 சதவீதம் கிடைக்கும். இது தெரியாமல் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் அநேகர். தயவுசெய்து உங்கள் சபையில் இதைச் சொல்லுங்கள். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆனால் சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் அந்தப் பட்டியலில் இல்லை. விசைத்தறிக் கூடத்திலும் சிறு பட்டறையிலும் கூலிக்குப் போகிறவர்களில் பலருக்கு ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. அவர்களுக்கு முதலாளியின் மனசுதான் சட்டம்.

அந்தப் பட்டறைக்காரர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நம் ஆதரவாளர் ஒருவர் தம்முடைய வெட் கிரைண்டர் பட்டறையில் மேஜை வேலை கொடுத்தார். மோட்டாருக்கு ஒயர் இணைக்கும் வேலை. மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் வைத்த செருப்பு செய்து கொடுத்தோம். மதியமும் மாலையும் கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்க்கப் பழக்கினோம். பழைய கூலி கிடைக்கவில்லை, அதை மறைக்க மாட்டோம். அவர் மனைவியும் வேலைக்குப் போகத்தான் வேண்டியிருக்கிறது. ஆனாலும் மூன்று வருஷமாகப் புண் இல்லை. சனிக்கிழமை தோறும் சம்பளம் வீட்டுக்கு வருகிறது.

எல்லோராலும் வேலை செய்ய முடியாது என்பதையும் அறிந்திருக்கிறோம். படுக்கையை விட்டு எழ முடியாதவரிடம் உழைப்பைப்பற்றிப் போதிப்பது பாவம். அவர்களைத் தாங்குவது நம் எல்லோருடைய கடமை. ஆனால் பாதி நாள் வேலை செய்யக் கூடியவரை, முழு நாள் முடியாது என்பதற்காக வீட்டில் உட்கார வைப்பது சரியல்ல.

ஆகவே உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறோம். தொழில் நடத்துகிறவர்கள் உங்கள் பட்டறையில், கடையில், ஆபீசில் உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு வேலையைக் கண்டுபிடித்து எங்களுக்குச் சொல்லுங்கள். வேலை செய்கிறவர்கள் உங்கள் பக்கத்தில் நோயோடு வேலை செய்யும் ஒருவருக்காக மேலாளரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். காணிக்கை அனுப்புகிறவர்கள் மருந்துக்கு அனுப்புவதைக் குறைக்காமல், செருப்புக்கும் நாற்காலிக்கும் தையல் இயந்திர மோட்டாருக்கும் கொஞ்சம் சேர்த்து அனுப்புங்கள்.

பவுல் அப்போஸ்தலர் கூடாரத் தொழில் செய்தவர். அவர் சரீரத்தில் ஒரு முள் இருந்தது, அது கடைசிவரை நீங்கினதாக நாம் வாசிப்பதில்லை. நம் வார்டில் இருப்பவர்களும் அப்படியே, நீங்காத ஒன்றோடு நாளைக்கு வேலைக்குப் போக வேண்டியவர்கள். அவர்கள் போய்ச் சேர ஓர் இடம் உங்கள் கையில் இருக்கிறது.