அத்தாவிடம் கேட்டீர்களா?



நோய்க்கு மருந்து தேடுவது நபி (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழி. இதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மருத்துவரே இரண்டு மூன்று வழிகளைக் கூறி, “எது வேண்டும்?” என்று கேட்டால் என்ன செய்வது?

கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ வாழும் 78 வயதுப் பெரியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நெடுநாள் சர்க்கரை நோயாளி. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில், சிறுநீரகத்தில் 3 செ.மீ. கட்டி தெரிகிறது. “உடனே மதுரைக்குக் கொண்டுபோய் எடுத்துவிடுவோம்” என்கிறார் மூத்த மகன். “இந்த வயதில் கத்தி வேண்டாம்” என்கிறார் இளையவர். அத்தாவிடம் மட்டும் எவரும் பேசுவதில்லை. புற்றுநோய் என்ற சொல்லே அவர் காதில் விழக் கூடாதாம்!

1990ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மருத்துவர் ரால்ஃப் கிளேமன், சிறு துளைகளின் வழியே சிறுநீரகத்தை அகற்றும் அறுவையை உலகிலேயே முதன்முறையாகச் செய்தார். நோயாளி 85 வயது மூதாட்டி. எடுத்துப் பரிசோதித்தபோது அது தீங்கற்ற கட்டி என்று தெரிந்தது. முதுமை மட்டுமே அறுவைக்குத் தடையன்று, கட்டியெல்லாம் புற்றுமன்று. 4 செ.மீ.க்கு உட்பட்டவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தீங்கற்றதே.

சிறுநீரகத்தை முழுவதும் எடுப்பது ஒப்பளவில் எளிது. ஆனால் சுமை முழுவதும் மற்றதன் மீது விழும். கட்டியை மட்டும் வெட்டியெடுத்தால் மிச்சம் பிழைக்கும். இரத்தப்போக்கும் சிறுநீர்க்கசிவும் நேரும் வாய்ப்பு அதில் சற்று அதிகம். இவ்விரண்டையும் 541 நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வு 2011இல் வெளியானது. பகுதி அறுவையால் ஆயுள் கூடியதாக அது காட்டவில்லை. எனினும் அவர்களுக்கு மறு சிறுநீரகம் நன்றாக இருந்தது. சர்க்கரையில் நலிந்த நம் பெரியவருக்கு அப்படியா? கிரியேட்டினின் பரிசோதனையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்வி இது. டயாலிசிஸுக்காக வாரந்தோறும் அலையும் முதியவர்களைக் கண்டவர்களுக்கு இதன் கனம் புரியும்.

ஊசி செலுத்திக் கட்டியைச் சுட்டோ உறைய வைத்தோ அழிக்கும் முறையும் உண்டு. சிறு கட்டிகள் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில மி.மீ. அளவே வளர்வதால், தளர்ந்த உடலுக்குக் குறித்த காலத்தில் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவதும் ஒரு சிகிச்சையே. ஸ்கேனுக்கே போகாமல் இருந்துவிட்டு அதைத் தவக்குல் என்பது வேறு! கட்டி பெரிதாகி, சிறுநீரில் இரத்தமும் போகுமாயின் காத்திருப்பது பொதுவாகத் தகாது.

சித்தம் தெளிவாக உள்ள மனிதரின் உடல் பற்றி அவரை விலக்கிவிட்டு மஷூரா செய்வது என்ன முறை? க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டினாலும், நேரே மதுரைக்குச் சென்றாலும், மருத்துவர் முன் அத்தாவையும் அமர வையுங்கள். நீங்கள் செலவைக் கேட்பீர்கள். அவர், “மறுபடி பள்ளிவாசலுக்கு நடந்து வர எத்தனை நாளாகும்?” என்று கேட்கக்கூடும்.