நம்மைப் பற்றிய கோவை; நமக்கே பிரதி!

(ஏறாவூரில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



பிறந்த நாள் தொட்டு அடக்கம் வரை நம்மைப் பற்றி எவரோ எழுதிக்கொண்டே இருக்கின்றனர். காணிக்கு ஒரு கோவை. நட்டஈட்டுக்கு ஒரு கோவை. கடனுக்கு ஒரு கோவை. எழுதப்பட்டவர் நாம், வாசிப்பவர் வேறொருவர். இது நீதியாகுமா?

இம்மண்ணில் இக்கேள்வி இரட்டிப்புக் கனமுடையது. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி நம் கூரைகளோடு நம் பத்திரங்களையும் கொண்டு சென்றது. 1990 ஆகஸ்டில் ஏறாவூர் முஸ்லிம் மக்களும், அதற்கடுத்த மாதம் சத்துருக்கொண்டான் தமிழ் மக்களும் படுகொலைக்கு இரையாயினர். உயிர் தப்பி ஓடியவன் கையில் பிள்ளை இருந்தது. காணி உறுதி இருக்கவில்லை. நம்மிடம் இல்லாத தாள் கந்தோர் அலுமாரியில் இருக்கிறது. அதைக் கேட்பது யாசகமா? இல்லை, உரிமை!

ஒரு தாயின் வழக்கைச் சொல்கின்றேன். அவருடைய காணி விண்ணப்பம் ஆண்டுக்கணக்காகக் கிடப்பில் கிடந்தது. "கோவை மேலிடத்துக்குப் போய்விட்டது" என்ற ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு அவர் களைத்துப்போனார். எழுத்தில் பிரதி கேட்டோம். பிரதி வந்தது. "விண்ணப்பகாரர் காணியைக் கைவிட்டுச் சென்றார்" என்று அதில் ஒரே ஒரு வரி! உயிருக்கு அஞ்சி ஓடியவரைக் கைவிட்டவர் என்று எழுதிவிட்டார்கள். அந்த வரியைக் கண்ட பிறகுதான் அதை மறுத்து எழுத எங்களால் முடிந்தது. காணாத எழுத்தை எவரால் மறுக்க முடியும்?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. அரசாங்கக் கந்தோரின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத இயலாதவர் வாயால் கேட்கலாம். அதை எழுதிக்கொள்வது அவர் கடமை. ஏன் கேட்கிறாய் என்று வினவ அவருக்கு அதிகாரமில்லை. பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அங்கும் நியாயம் கிடையாவிடின், இரண்டு மாதங்களுக்குள் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு.

அக்கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். 1956 இல் நம் மொழியைக் கந்தோர் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். 1988 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 16 ஆவது திருத்தம் வடக்குக் கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாக்கியது. போராடிப் பெற்ற மொழியுரிமையைப் பாவிக்காதவன் அதை இழக்கிறான்.

"அப்படியாயின் என் கோவையை அயலவனும் வாங்குவானோ?" என்று அஞ்சுவோர் உளர். பொதுநலனோடு தொடர்பற்ற தனிமனித விபரத்தைப் பிறருக்கு மறுக்க அதே சட்டத்தின் 5 ஆம் பிரிவு இடமளிக்கிறது.

ஆனால், கடன் கொடுக்கும் தனியார் கம்பனியிடம் இச்சட்டம் பொதுவாகச் செல்லாது. அதற்காக 2022 இல் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தன் விபரத்தைத் தானே கேட்டுப் பெறும் உரிமை அதில் எழுதப்பட்டது. அந்தப் பகுதி 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தது; அந்நாள் வருமுன்னரே ஒத்திவைத்தார்கள்! கடன் தவணைக்கு ஒருநாள் பிந்தினால் ஏழைப் பெண்ணின் வாசலில் வந்து நிற்பவர்கள் உண்டு. மக்களின் உரிமைக்குத் தவணை கேட்ட அரசாங்கத்தின் வாசலில் நிற்பவர் யார்? நாம்தான் நிற்க வேண்டும்.

கிழக்கு ஜெர்மனியின் இரகசியப் பொலிஸார் சொந்த மக்களைப் பற்றியே இலட்சக்கணக்கில் கோவை எழுதிக் குவித்தனர். அவ்வாட்சி வீழ்ந்தது. 1992 ஜனவரி முதல் அம்மக்கள் தத்தம் கோவையைத் தாமே விரித்து வாசித்தனர். அஞ்சியவர் கையில் அச்சுறுத்திய கோவை! மக்களாட்சி என்பதன் பொருள் அதுவே.

ஆகவே, தமிழ் பேசும் மக்களே, முஸ்லிமென்றும் தமிழரென்றும் பிரிந்து நில்லாது, தாள் இழந்த குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு கடிதம் எழுதட்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதத் தெரிந்த இளைஞன் உதவட்டும். கைகட்டிக் கேட்டது போதும், கையொப்பமிட்டுக் கேளுங்கள்!