உயிரோடு கேட்டபோது



இன்று ஜூலை 30. 1936இல் இதே நாளில், நம் புதுச்சேரியில், பின்னாளில் சுதேசி ஆலை என்று நாம் அழைத்த சவானா ஆலையில், பிரெஞ்சு அரசின் துப்பாக்கி 12 தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்கள் கேட்டது என்ன? எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். சங்கம் வைக்கும் உரிமை கேட்டார்கள். மக்கள் தலைவர் வ. சுப்பையா அவர்களின் பின்னால் அணிதிரண்டு கேட்டார்கள். கிடைத்தது குண்டு. அடுத்த ஆண்டு, 1937 ஏப்ரலில், அதே எட்டு மணி நேரம் சட்டமாயிற்று. உயிரோடு நின்று கேட்டபோது மறுத்ததை, பன்னிரண்டு பிணம் விழுந்த பிறகு கொடுத்தார்கள்.

இந்தக் கொடுமை நம் ஊரோடு முடிந்த கதை அல்ல. சுப்பையா பிறந்த அதே 1911. மார்ச் 25, சனிக்கிழமை மாலை. நியூயார்க் நகரில் டிரையாங்கிள் என்ற தையல் நிறுவனம். பெண்கள் அணியும் சட்டை தைக்கிற இடம். பத்து மாடிக் கட்டடத்தில் மேல் மூன்று மாடிகள் அதனுடையவை. மெஷின் ஓட்டியவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த இளம்பெண்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

வேலை முடிகிற நேரம். எட்டாவது மாடியில் துணி வெட்டும் மேசைக்கு அடியில் குவிந்து கிடந்த துண்டுத் துணியில் நெருப்புப் பிடித்தது. மெல்லிய பருத்தித் துணி, பற்றினால் நிற்குமா? பத்தாவது மாடியில் இருந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் செய்தி போயிற்று. முதலாளிகள் கூரை வழியே தப்பினார்கள். நடுவில் ஒன்பதாவது மாடி. அங்கே யாரும் சொல்லவில்லை. தீயே நேரில் வந்து சொன்னது. ஓடினார்கள். படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்களாம். ஒரே வழியாக அனுப்பிக் கைப்பையைச் சோதிக்க வேண்டுமாம்! அதற்காகப் போட்ட பூட்டு அது. வெளியே இருந்த இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தது. தீயணைப்பு ஏணி ஆறாவது மாடிக்கு மேல் எட்டவில்லை. சன்னலிலிருந்து குதித்தார்கள். மாண்டவர்கள் 146 பேர். முதலாளிகள் இருவரையும் நீதிமன்றம் விடுதலை செய்தது.

தோழர்களே, இதே டிரையாங்கிள் பெண்கள் 1909இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள். நேரத்தைக் குறை என்றார்கள், பாதுகாப்புக் கொடு என்றார்கள், சங்கத்தை ஏற்றுக்கொள் என்றார்கள். சங்கத்தை நிர்வாகம் கடைசிவரை ஏற்கவே இல்லை. 1911இல் தீ வந்தது. அதன் பிறகுதான் விசாரணைக் குழு, அதன் பிறகுதான் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள். அன்று தெருவில் நின்று அந்தத் தீயைக் கண்ணால் பார்த்த பிரான்சஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி, 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார்.

நூறாண்டு கழிந்தது. திருந்தினோமா? 2012 நவம்பரில் டாக்கா அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் தீ. அபாய மணி அடித்தது. எழுந்தவர்களைப் பார்த்து, உட்கார்ந்து வேலையைப் பார் என்றார்கள் மேலாளர்கள். குறைந்தது 112 பேர் மாண்டார்கள். ஐந்தே மாதத்தில், அதே டாக்கா அருகே, ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம். முதல் நாளே சுவரில் விரிசல். உள்ளே போகப் பயமாக இருக்கிறது என்றார்கள் தொழிலாளர்கள். அதே கட்டடத்தில் இருந்த வங்கி மூடப்பட்டது. தையல்காரர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே அனுப்பினார்கள். இடிபாட்டில் செத்தவர்கள் 1,134 பேர். அதன் பிறகுதான் பாதுகாப்பு ஒப்பந்தம், அதன் பிறகுதான் கட்டடச் சோதனை.

எங்கும் ஒரே வரிசை. முதலில் தொழிலாளி வாய்விட்டுக் கேட்கிறான். பிறகு சாகிறான். பிறகு சட்டம் வருகிறது. இந்த வரிசையை மாற்றுவதுதான் தியாகிகளுக்கு நாம் செய்கிற அஞ்சலி. மாற்ற முடியும். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே நாளன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஒரு உயிர் போகாமலே கேட்ட குரல் காதில் விழுந்தது அல்லவா?

ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று நம் ஆலைகளின் சங்கு ஓய்ந்துவிட்டது. ஆனால் விடிகாலையில் சோற்று டப்பாவோடு வேலைக்குக் கிளம்பும் பெண்பிள்ளைகள் இந்த ஊரில் ஓயவில்லை. வேலையிடங்களைச் சோதிக்க வேண்டிய அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: மனு கொடுக்க வருகிற தொழிலாளியை உட்காரவைத்துக் கேளுங்கள். சொல்லிக்கொள்ளாமல் போய்க் கதவைத் திறந்து பாருங்கள்.

பெற்றோர்களே, இன்று இரவு உங்கள் மகளிடம் கேளுங்கள்: உன் கம்பெனியில் வெளியே வர இரண்டாவது வழி எங்கே இருக்கிறது, அது பூட்டாமல் இருக்கிறதா? பூட்டியிருக்கிறது என்று அவள் சொன்னால், நாளைக் காலையிலேயே சங்கத்துக்கு வாருங்கள். எல்லோருமாகப் போய்த் திறக்கச் சொல்வோம்.